அரிவாள் வெட்டு வழக்கில் எத்தனை ஆண்டு தண்டனை கிடைக்கும்?

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் தம்பியை மூன்று பேர் வழிமறித்துத் தாக்கியிருக்கிறார்கள். ஒருவன் அரிவாளை வீச, தம்பி இடது கையைத் தூக்கித் தடுத்திருக்கிறார். முன்கையில் வெட்டு, எலும்பு முறிவு. மாதங்கள் ஆகியும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தம்பிக்கு ஒயரிங் வேலை. முதல் தகவல் அறிக்கையில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 118(1), 351(3) ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. எதிர்த்தரப்பும் புகார் கொடுத்து வழக்காகியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சமரசமாகப் போகச் சொல்கிறார்கள். "வெட்டியவனுக்கு எத்தனை ஆண்டு கிடைக்கும்? பத்து ஆண்டு என்கிறார்கள், ஆயுள் என்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?"

மூன்றுமே நடக்கக்கூடியவைதான். எது நடக்கும் என்பதைத் தீர்ப்பு நாளில் நீதிபதி சொல்வார். ஆனால் அதில் பெரும்பகுதி வெட்டு விழுந்த முதல் சில வாரங்களிலேயே, அரசு மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் தண்டனையைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் மருத்துவக் காகிதங்களைக் கேட்கிறேன்.

முதலில் பிரிவுகள். உங்கள் முதல் தகவல் அறிக்கையில் வெட்டுக்காகப் போட்டிருப்பது 118(1). ஆயுதத்தால் காயம் விளைவித்தல் என்ற குற்றம் அது. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். "அல்லது" என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டப்படி இந்தப் பிரிவில் அபராதத்தோடு மட்டும் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியும். அதே அரிவாளால் விளைந்தது கொடுங்காயம் என்றால் பிரிவு 118(2) ஆகிவிடும். அங்கே ஆயுள் தண்டனை, அல்லது குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அதோடு அபராதமும் கட்டாயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 326-ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு இந்த ஓராண்டு தரைமட்டம் வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்ததற்குப் பழைய சட்டம்தான். செய்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாக யாருக்கும் விதிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20-ஆம் கூறு தடுக்கிறது.

கொடுங்காயம் எது என்பதை மருத்துவரோ காவலரோ தம் விருப்பத்துக்குத் தீர்மானிப்பதில்லை. சட்டமே எட்டு வகைகளைச் சொல்கிறது. கண்பார்வை, செவித்திறன் நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ இழப்பது, அதன் செயல்திறன் நிரந்தரமாகக் கெடுவது, முகம் நிரந்தரமாக உருக்குலைவது, எலும்பு அல்லது பல் முறிவதும் இடம்பெயர்வதும் ஆகியவை அவற்றில் அடங்கும். கடைசி வகை, உயிருக்கு ஆபத்து உண்டாக்கிய காயம் அல்லது 15 நாட்கள் கடும் வலியிலோ அன்றாட வேலையைச் செய்ய முடியாத நிலையிலோ வைத்த காயம். பழைய சட்டத்தில் இது 20 நாட்களாக இருந்தது. 15 நாட்கள் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார் என்ற சீட்டு மட்டும் போதாது. கடும் வலி இருந்தது அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியவில்லை என்று சாட்சி சொல்லவேண்டும்.

உங்கள் தம்பியின் வழக்கில் இரண்டு வகைகள் நேரடியாகப் பொருந்துகின்றன. ஒன்று எலும்பு முறிவு. எலும்பு இரண்டு துண்டாகப் போயிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, வெட்டு மேலோட்டமாக நின்றுவிடாமல் எலும்பில் உடைப்போ விரிசலோ உண்டாக்கியிருந்தாலே முறிவுதான் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. மற்றொன்று விரல்கள் மடங்காதது. அது நிரந்தரம் என்று எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எழுதிக் கொடுத்தால் இன்னும் உறுதியாக நிற்கும். ஆக 118(1) இங்கே பிழையான பிரிவு. முதல் நாளில் காவல் நிலையம் அப்படிப் பதிவது வழக்கம்தான், எக்ஸ்ரே முடிவு பிறகுதானே வரும். காயச் சான்றிதழ் வந்தபின் விசாரணை அதிகாரி பிரிவு மாற்ற அறிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டும். அனுப்பினாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத்துமூலம் மனு கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். குற்றப்பத்திரிகை 118(1)-இலேயே தாக்கலாகிவிட்டால் பிறகு மாற்ற வழி இருந்தாலும் ஏற்றம் செங்குத்தாக இருக்கும்.

எக்ஸ்ரே படத்தையும் விட்டுவிடாதீர்கள். "எலும்பு முறிவு" என்று மருத்துவர் சான்றிதழில் எழுதியிருப்பார், ஆனால் விசாரணையில் படத்தைக் கேட்டால் இருக்காது. தனியார் மருத்துவமனையில் எடுத்த படம் வீட்டு அலமாரியில் கிடக்கும், அல்லது அதை எடுத்த மருத்துவர் சாட்சிப் பட்டியலிலேயே இருக்க மாட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். படம் இல்லை, ஆகவே முறிவு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே சாதாரணக் காயம் என்று ஒரே மூச்சில் பத்தாண்டுக் குற்றம் மூன்றாண்டுக் குற்றமாகச் சுருங்கும்.

அடுத்து விபத்துப் பதிவேடு. அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கு வந்தவுடன் பணி மருத்துவர் எழுதுகிற அந்த ஒரு பக்கம் வழக்கின் முதுகெலும்பு. எத்தனை மணிக்கு வந்தார், யார் அழைத்து வந்தார், நினைவோடு இருந்தாரா, எங்கே எத்தனை சென்டிமீட்டர் காயம் என்பதோடு, "இன்ன இடத்தில் இத்தனை மணிக்குத் தெரிந்த மூன்று பேர் அரிவாளாலும் கம்பாலும் தாக்கியதாகச் சொல்கிறார்" என்று ஒரு வரி இருக்கும். சில ஆண்டுகள் கழித்து உங்கள் தம்பி கூண்டில் ஏறும்போது அந்த வரியை வைத்துத்தான் குறுக்கு விசாரணை நடக்கும். மருத்துவரிடம் மூன்று பேர் என்றீர்களா, ஒருவர் என்றீர்களா? தெரிந்தவர் என்றீர்களா, அடையாளம் தெரியாதவர் என்றீர்களா? அரிவாள் என்றீர்களா, ஆயுதம் என்றீர்களா? வலியில் துடிக்கிற மனிதர் எதையும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். கூட வந்த மைத்துனர் பதறிப்போய் ஏதோ சொல்லியிருப்பார். நல்ல நீதிபதிகள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். காயம்பட்ட சாட்சியின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு, சம்பவ இடத்தில் இருந்தார் என்பதை அவருடைய உடலே காட்டுகிறது என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தின் நகலை இப்போதே வாங்கிப் படித்துவிடுங்கள். ஏதாவது முரண் இருந்தால் அதற்கான விளக்கம் விசாரணை அதிகாரி பதியும் வாக்குமூலத்திலேயே வரவேண்டும். கூண்டில் முதல்முறையாகச் சொன்னால் இட்டுக்கட்டியது என்பார்கள்.

கொலை முயற்சிப் பிரிவைச் சேர்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது 109. பத்தாண்டு வரை சிறை, காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் வரை போகலாம். இந்தப் பிரிவில் காயத்தின் அளவைவிடக் கொல்லும் நோக்கம்தான் முக்கியம். துப்பாக்கிக் குண்டு உரசாமல் போயிருந்தாலும் கொலை முயற்சிதான், ஆழமான வெட்டு விழுந்தும் கொல்லும் எண்ணம் இல்லையென்றால் கொலை முயற்சி ஆகாது. அந்த எண்ணத்தை ஆயுதம், குறிவைத்த இடம், வீச்சின் வேகம், எத்தனை முறை, முன்பகை, அப்போது பேசிய பேச்சு ஆகியவற்றிலிருந்துதான் நீதிமன்றம் ஊகிக்கும். "இன்றோடு நீ தொலைந்தாய்" என்று கழுத்தைக் குறிவைத்து வீசினான், தம்பி கையைத் தூக்கியதால் வெட்டு முன்கையில் விழுந்தது என்றால் அது தற்காப்புக் காயம். 109-க்கு அது வலுவான அடிப்படை. ஆனால் முதல் புகாரில் கழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் "கையில் வெட்டினான்" என்று மட்டும் இருந்தால், பிறகு கழுத்து என்று சேர்ப்பது வழக்குக்கே கேடு. நடந்ததைவிடப் பெரிதாக்கிச் சொன்னால் தண்டனை கூடும் என்று நம்பிப் பலர் நல்ல வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பொய்யான ஒரு கழுத்து, உண்மையான ஒரு முன்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

பிரிவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, பொதுவாக வெளியே யாரும் சொல்லாத காரணம். 118(2)-ஐ விசாரிப்பது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். ஆயுள் வரை தண்டனை உள்ள குற்றம்தான், ஆனால் விசாரிக்கிற நடுவர் விதிக்கக்கூடிய உச்சம் மூன்றாண்டு சிறை. இந்தக் குற்றத்துக்கு அது போதாது என்று நடுவர் கருதினால் தன் கருத்தைப் பதிந்து வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம். அவரால் ஏழாண்டு வரை விதிக்க முடியும். சட்டம் இந்த வழியைத் திறந்துவைத்திருந்தாலும் நடுவர்கள் அதில் போவது அரிது. கேட்கவேண்டியவர் உதவி அரசு வழக்கறிஞர். அவரும் கேட்பது அரிது. 109 இருந்தால் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே கொலை முயற்சி நிரூபணமாகாமல் 118(2) மட்டும் நிரூபணமானாலும், அமர்வு நீதிபதியின் கையை மூன்றாண்டு என்ற வரம்பு கட்டாது. பத்தாண்டு என்று ஊரில் பேசிக்கொள்வதற்கும் தீர்ப்பில் இரண்டோ மூன்றோ வருவதற்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

குற்றம் நிரூபணமானபின் தண்டனை பற்றித் தனியாகக் கேட்கவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அது சில நிமிடங்களில் முடிந்துபோவதுண்டு. "உங்கள் மீதான குற்றம் நிரூபணமாகியிருக்கிறது, தண்டனை குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று நீதிபதி கேட்பார். வயதான தாய் இருக்கிறார், சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன், கருணை காட்டவேண்டும் என்று குற்றவாளி கைகூப்புவார். அது தீர்ப்பில் ஒரு பத்தியாக ஏறும். உங்கள் தம்பிக்கும் தாய் இருக்கிறார், குழந்தைகள் இருக்கிறார்கள், மடங்காத இரண்டு விரல்கள் இருக்கின்றன. அதை அந்த நிமிடத்தில் யாராவது எடுத்துச் சொல்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. காயம்பட்டவர் தன் செலவில் ஒரு வழக்கறிஞரை வைத்து அரசுத் தரப்புக்கு உதவ சட்டம் இடம் தருகிறது. எழுத்துமூலம் வாதம் தரவும் நீதிமன்ற அனுமதி பெறலாம். தண்டனைக் கேள்வி வருகிற நாளில் அந்த வழக்கறிஞர் அங்கே இருக்கவேண்டும்.

நீதிபதிக்குக் கைகொடுக்க நம்மிடம் அளவுகோல் எதுவும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டனை நெறிமுறைக் குழு ஒன்று, குற்றவாளியின் பொறுப்பு எவ்வளவு, விளைந்த தீங்கு எவ்வளவு என்று கட்டம் கட்டித் தொடக்க அளவு சொல்கிறது. இங்கே அப்படியொன்று வேண்டும் என்று, குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மலிமத் குழு 2003-லேயே பரிந்துரைத்தது. குற்றவியல் நீதி நிர்வாகத்தில் நம் நாட்டின் மிகப் பலவீனமான பகுதி தண்டனை விதிப்புதான் என்று 2012-ல் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொன்னது. புதிய சட்டங்கள் வந்தும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. இதை நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். ஒரே மாதிரியான வெட்டுக்கு ஒரு நீதிமன்றத்தில் ஓராண்டும் பக்கத்து நீதிமன்றத்தில் ஐந்தாண்டும் கிடைத்தால், இரண்டு குடும்பங்களுக்குமே அது நீதியாகத் தெரிவதில்லை.

மேல்முறையீட்டில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. சம்பவம் நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொல்லி, ஏற்கெனவே சிறையில் கழித்த நாட்களே போதும் என்று தண்டனையைக் குறைத்துவிடுவது. ராஜஸ்தானில் ஒரு கொலை முயற்சி வழக்கில் மூன்றாண்டுத் தண்டனையை உயர் நீதிமன்றம் இப்படித்தான் 44 நாட்களாகக் குறைத்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து மூன்றாண்டை மீண்டும் நிலைநிறுத்தியது. காலதாமதம் மட்டுமே குறைப்புக்குக் காரணமாக முடியாது என்று வாதிட அந்தத் தீர்ப்பு உதவும்.

சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டுவிடுவார்களா என்ற உங்கள் அச்சத்துக்கும் பதில் பிரிவில்தான் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கத்தக்க குற்றங்களுக்குப் பொருந்தாது. எனவே 118(2)-இல் அந்த வாசல் மூடியிருக்கிறது. 118(1)-இல் திறந்திருக்கிறது.

செய்தித்தாளில் "மொத்தம் 9 ஆண்டுகள் சிறை" என்று படித்து ஏமாறவேண்டாம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே விதித்து "ஏககாலத்தில் அனுபவிக்கவேண்டும்" என்று எழுதினால், எது எல்லாவற்றிலும் நீளமானதோ அதுதான் உண்மையான காலம். விசாரணைக் கைதியாக இருந்த நாட்களும் அதில் கழியும். தண்டனை மூன்றாண்டுக்குள் இருந்து, அவர் அதுவரை ஜாமீனில் வெளியே இருந்தவரானால், மேல்முறையீடு செய்ய அவகாசம் தந்து அதே நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைக்கும். தீர்ப்பு வந்த அன்று மாலையே குற்றவாளி ஊருக்குத் திரும்பி டீக்கடையில் உட்கார்ந்திருப்பதைக் காயம்பட்ட குடும்பம் பார்க்க நேரிடும். பணம் கொடுத்து வெளியே வந்துவிட்டான் என்று கொதித்துப்போய் அன்றைக்கே ஏதாவது செய்துவிடக் கூடாது. அது மேல்முறையீடு செய்யச் சட்டம் தரும் அவகாசம். வீட்டில் இளைஞர்கள் இருந்தால் அவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சமரசத்துக்கு வருகிறேன். ஆயுதம் இல்லாமல் விளைந்த கொடுங்காயத்தை, அதாவது 117(2)-ஐ, நீதிமன்ற அனுமதியோடு காயம்பட்டவர் சமரசம் செய்துகொள்ளலாம். 118(2)-க்கும் 109-க்கும் அந்த அனுமதியை விசாரணை நீதிமன்றம் தர முடியாது. உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தில் வழக்கை ரத்து செய்யலாம். உங்கள் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லையில் வருமானால் அங்கேதான் போகவேண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, காயம் எங்கே விழுந்தது, ஆயுதம் என்ன, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்கும். பெரியவர்கள் சொல்கிற "சமரசம்" பெரும்பாலும் இது இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு கூண்டில் "யார் வெட்டினார்கள் என்று தெரியாது" என்று சொல்லச் சொல்கிறார்கள். அப்படிப் பிறழ் சாட்சியாக மாறினால் பொய்ச்சாட்சிக்கு நடவடிக்கை வரக்கூடியது தம்பி மீதுதான், பேசிவைத்த பெரியவர்கள் மீது அன்று. நிரந்தரமாக ஊரில் சேர்ந்து வாழவேண்டியவர்கள் சமாதானமாவதை நான் குறை சொல்லவில்லை. சில குடும்பங்களுக்கு அதுதான் நிம்மதி. ஆனால் அது உயர் நீதிமன்றத்தின் முன் வெளிப்படையாக, சிகிச்சைச் செலவும் இழந்த வருமானமும் கணக்கிட்டு, தம்பியின் சுய விருப்பத்தோடு நடக்கட்டும்.

எதிர்வழக்கைக் கண்டு கலங்கவேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் புகார் தந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் தாக்கத் தொடங்கியவர் என்று கண்டுபிடிக்கவேண்டும் என்று பழைய சென்னை மாகாணக் காலத்துப் போலீஸ் நிலையாணை 588-ஏ சொன்னது. அந்தக் கடமையை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இன்றும் வற்புறுத்துகின்றன. இரண்டு வழக்குகளையும் ஒரே நீதிபதி ஒன்றன்பின் ஒன்றாக விசாரிக்கவேண்டும். எதிர்த்தரப்பில் யாருக்காவது காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று உங்கள் சாட்சிகள் ஒரு சொல்லும் சொல்லாவிட்டால், உண்மையை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் உங்கள் வழக்கின் மேல் விழும். தள்ளுமுள்ளில் தம்பியின் அடி யார் மேலாவது பட்டிருந்தால் அதை உள்ளபடியே சொல்லிவிடுவது நல்லது. அதே சமயம், திடீரென்று வந்த கடும் ஆத்திரத்தில் செய்தது என்று எதிர்த்தரப்பு வாதிட்டு 122(2)-க்குள் நுழையப் பார்க்கும். அங்கே உச்சமே ஐந்தாண்டு, அபராதத்தோடும் முடியலாம். வழிமறித்து, அரிவாளோடு காத்திருந்தவர்களுக்குத் திடீர் ஆத்திரம் என்ற வாதம் எடுபடாது. எனவே அவர்கள் அங்கே காத்திருந்ததைப் பார்த்த சாட்சி யாராவது இருந்தால் அவரே உங்கள் மிக மதிப்புள்ள சாட்சி.

தம்பி பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும் தாக்கியவர்கள் அதைத் தெரிந்தே தாக்கிய, அந்தச் சமூகத்தைச் சேராதவர்களாகவும் இருந்தால், சொல்லாமல் விட்ட முக்கியச் செய்தி அதுதான். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தை அப்படிச் செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(வி) பிரிவில் ஆயுள் தண்டனை. விசாரிக்கும் நீதிமன்றமும் மாறும், நிவாரணமும் படிப்படியாகக் கிடைக்கும்.

கடைசியாக, எல்லோரும் மறந்துபோகிற இழப்பீடு. அபராதத்திலிருந்தோ தனி உத்தரவாகவோ காயம்பட்டவருக்கு இழப்பீடு தரும் அதிகாரம் ஒவ்வொரு குற்றவியல் நீதிமன்றத்துக்கும் இருக்கிறது. தருவதா இல்லையா என்று ஒவ்வொரு வழக்கிலும் யோசித்துக் காரணம் எழுதுவது நீதிமன்றத்தின் கடமை என்று 2013-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது போதவில்லை என்றால், அல்லது குற்றவாளி விடுதலையே ஆகிவிட்டால்கூட, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தமிழ்நாடு பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மனு போடலாம். தீர்ப்பு சரியில்லை என்று கருதினால் உங்களுக்கு மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. விடுதலைக்கு எதிராக, குறைந்த பிரிவில் தண்டித்ததற்கு எதிராக, இழப்பீடு போதாததற்கு எதிராக நீங்களே போகலாம். தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் நீங்கள் மேல்முறையீடு செய்ய முடியாது, அது அரசின் உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இந்த வேறுபாட்டால்தான் மூன்றாண்டா ஐந்தாண்டா என்பதைவிட 118(1)-ஆ 118(2)-ஆ என்பதில் உங்கள் கவனம் இருக்கவேண்டும் என்கிறேன்.

இழப்பீட்டு மனுவுக்கு இன்றிலிருந்தே மருந்து ரசீதுகள், பிசியோதெரபி சீட்டுகள், ஆட்டோ வாடகை, தம்பி முன்பு வேலை செய்த கட்டட ஒப்பந்தக்காரர் எழுதித் தரும் கூலிச் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். விரல்களின் செயலிழப்பு எத்தனை சதவீதம் என்று அரசு மருத்துவக் குழுவிடம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அதைக் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.